சிமெண்டுத் தளமும் காப்புப் பூச்சும்

நம் நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பட்ட 1904-ஆம் ஆண்டிலேயே, சென்னையில் சிமெண்டு உற்பத்தி செய்யும் முதல் முயற்சியும் தொடங்கியது. சாணம் மெழுகிய தரையில் தம் பணியைத் தொடங்கிய சங்கங்கள் பல, இன்று கான்கிரீட் தளமிட்ட கிடங்கும் நெசவுக்கூடமும் உடையனவாக விளங்குகின்றன. சாணத் தரையை வாரந்தோறும் மெழுகிக் காத்தோம். கான்கிரீட் தரைக்கோ யாதொரு பராமரிப்பும் வேண்டுவதில்லை என்று எண்ணிவிட்டோம். இவ்வெண்ணம் சரியன்று.

அண்மைக் காலமாகச் சங்கங்கள் பல, தளத்தின்மீது 'சீலர்' எனப்படும் காப்புப் பூச்சு இட முன்வருகின்றன. நோக்கம் நல்லதே. ஆயினும், பூச்சு இட்ட சில மாதங்களுக்குள் அது கொப்புளித்துச் செதில் செதிலாகப் பெயர்ந்து கிடக்கும் காட்சி, தணிக்கைக்குச் செல்லுமிடங்களில் நம் கண்ணில் படாமலில்லை. குற்றம் பெரும்பாலும் டப்பாவில் இருப்பதில்லை. தளத்தின் ஈரத்திலும் அழுக்கிலும் நமது அவசரத்திலும் இருக்கிறது. காப்புப் பூச்சு நல்ல தளத்தைக் காக்கும்; கெட்ட தளத்தைத் திருத்தாது. இதனை அங்கத்தினர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

தளம் புழுதி விடுவது ஏன்?

சிமெண்டு இறுகுவதற்குத் தேவைப்படும் தண்ணீர் அதன் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே. 50 கிலோ மூட்டை ஒன்றிற்கு 12 அல்லது 13 லிட்டர் போதும். ஆனால் கலவை இளக்கமாக இருந்தாலன்றிப் பரப்பி மட்டம் செய்ய இயலாதாகையால், இதைப்போல் இரு மடங்கு தண்ணீர் சேர்ப்பது வழக்கம். மிகுந்த நீர் பின்னர் ஆவியாகி வெளியேறுகிறது. அது சென்ற வழியெல்லாம் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளாக நின்றுவிடுகின்றன. தண்ணீர் அளவு மீறினாலும், மேலே ஊறி நிற்கும் நீரோடு சேர்த்துக் கரணையால் தேய்த்துவிட்டாலும், பாத்தி கட்டி நீர் நிறுத்தும் நாட்களைக் குறைத்துவிட்டாலும், தளத்தின் மேற்பரப்பில் வலுவற்ற சிமெண்டுப் பால் ஏடாகப் படிகிறது. நடக்க நடக்க அவ்வேடு தேய்ந்து புழுதியாகிறது.

இப்புழுதி வெண்ணூலில் படிந்தால் சேலையின் நிறம் மங்கும். நுண்துளைகளில் இறங்கிய தறி எண்ணெயும் சாயமும் எத்தனை கழுவினாலும் போவதில்லை. விளைபொருள் கிடங்கிலோ, தேய்ந்த தளத்தின் வெடிப்புகளில் சிந்திய தானியம் தங்கிப் பூச்சிகளுக்கு உறைவிடமாகிறது. ஆகவே காப்புப் பூச்சு என்பது ஆடம்பரமன்று. உரிய இடத்தில் உரிய முறையில் இட்டால் அது பயனுள்ள செலவே.

பூச்சின் வகைகள்

கடைகளில் கிடைப்பவற்றை இரு பெரும் பிரிவாகக் கொள்ளலாம். தளத்தினுள் ஊறி வேலை செய்வன ஒரு வகை. மேலே படலமாக நிற்பன மற்றொரு வகை.

ஊறும் வகையில் சோடியம் சிலிகேட், லித்தியம் சிலிகேட் ஆகியவை முக்கியமானவை. இவை கான்கிரீட்டில் உள்ள சுண்ணப் பொருளோடு கூடி, நுண்துளைகளில் கெட்டிப்பொருளாக மாறுகின்றன. மேற்பரப்பு உறுதிப்பட்டுப் புழுதி அடங்கும். படலம் இல்லாமையால் உரிந்து வருவதற்கும் ஒன்றுமில்லை. ஆனால் எண்ணெய்க் கறையையும் அமிலத்தையும் இவை முற்றும் தடுக்கமாட்டா.

படல வகையில் அக்ரிலிக் பூச்சு விலை குறைந்தது; பூசுவதும் எளிது. ஆயினும் விரைவில் தேயுமாதலால், ஆள் நடமாட்டத்தைப் பொறுத்துச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். எபாக்சி கடினமானது, எண்ணெயையும் காரத்தையும் நன்கு தாங்கும், வெயில் பட்டால் மஞ்சள் பாய்ந்து மங்கிவிடும். பாலியூரித்தேன் உராய்வை நன்றாகத் தாங்குவது. அதனாலேயே எபாக்சியின்மேல் கடைசிப் பூச்சாக அதனை இடுகின்றனர். பின்னிரண்டிலும் பெரும்பாலானவை இரு டப்பாக்களாக வருவன. இரண்டையும் குறித்த விகிதத்தில் கலந்தபின், குறித்த நேரத்திற்குள் பூசி முடித்தல் வேண்டும். தவறினால் கலவை வாளியிலேயே இறுகிவிடும்.

முதற் சோதனை: ஈரம்

புதிய தளமாயின் குறைந்தது 28 நாட்கள் கழியாமல் படலப் பூச்சு இடலாகாது. பழைய தளமாயினும் நிலத்தடி ஈரம் ஏறுகிறதா என்று பார்த்தே தீர வேண்டும். இதற்குச் செலவில்லாத சோதனை ஒன்றுண்டு. ஒன்றரை அடிச் சதுரமான, ஒளி ஊடுருவும் பாலிதீன் தாளைத் தளத்தின்மீது விரித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாதபடி ஒட்டிவிட வேண்டும். நேர் வெயில் படும் இடம் கூடாது. குறைந்தது 16 மணி நேரம் கழித்துப் பார்த்தால், தாளின் அடிப்புறத்தில் நீர்த்துளி கோத்திருந்தாலும், தாள் இருந்த இடம் கறுத்திருந்தாலும் தளம் ஈரமுடையது என்று அறியலாம். 500 சதுர அடிக்கு ஓரிடமாகவும், சுவரோரங்களிலும் இதனைச் செய்தல் நலம். கோடையில் காய்ந்து தோன்றும் தளம் ஐப்பசி, கார்த்திகையில் ஊறக்கூடுமாதலால், மழைக்காலத்திலும் ஒருமுறை சோதித்தறிய வேண்டும்.

ஈரத் தளத்தின்மேல் படலம் இட்டால் நேர்வது என்ன? கீழிருந்து ஏறும் நீர் வெளியேற வழியின்றிப் படலத்தைத் தூக்குகிறது. கொப்புளம் தோன்றி உடைகிறது. இதனினும் பெரிய தீங்கும் உண்டு. விவசாயிகளின் சங்கம் ஒன்றில், பூச்சு இட்டாயிற்று, இனி ஈரம் வாராது என்று நம்பி, மூட்டைகளுக்கு அடியிலிருந்த மரப்பலகைகளை அகற்றிவிட்டனர். அவ்வாண்டு மழைக்காலம் முடிவதற்குள் அடிவரிசை நிலக்கடலை மூட்டைகள் பூஞ்சை பிடித்தன. பூச்சிற்குச் செலவிட்டது சங்கப் பணம். மூட்டைகளோ அங்கத்தினர்களின் ஓராண்டு உழைப்பு.

ஆகவே ஈரம் கண்ட கிடங்கில் முதலில் செய்யத்தக்கது பூச்சு அன்று. கூரை நீர் சுவரடியில் விழாமல் வாய்க்கால் அமைக்க வேண்டும். வெளித் தரையை உள் தரையினும் தாழ்த்த வேண்டும். புதிதாகக் கட்டுவோர் தளத்திற்கு அடியில் 1000 கேஜ், அதாவது 250 மைக்ரான், பாலிதீன் தாள் விரிப்பது சாலச் சிறந்தது. தளம் எத்தகையதாயினும் மூட்டைக்கு அடியில் பலகை இருந்தே தீர வேண்டும்.

இரண்டாவது: துப்புரவு

உலர்ந்த தளத்தைப் பெருக்கியதும் பூசிவிடலாம் என்பது தவறு. தறி எண்ணெய், கஞ்சிப் பசை, பழைய மெழுகு ஆகியவற்றைச் சோப்புத்தூள் நீரால் தேய்த்துக் கழுவி நீக்க வேண்டும். பின்னர்ச் சில துளி நீரைத் தெளித்துப் பார்க்கலாம். நீர் விரைவில் உறிஞ்சப்பட்டால் தளம் பூச்சினை ஏற்கும். முத்து முத்தாக நின்றால் எண்ணெயோ பழம்பூச்சோ இன்னும் எஞ்சியிருக்கிறது.

சிமெண்டுப் பால் ஏட்டை அரைக்கும் இயந்திரம் கொண்டு நீக்குவதே சிறந்த முறை. இயந்திரம் கிட்டாத இடங்களில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் கழுவுவதுண்டு. அவ்வாறு செய்வோர் அமிலத்தைத் தண்ணீரில் ஊற்ற வேண்டுமேயன்றி, தண்ணீரை அமிலத்தில் ஊற்றலாகாது. கையுறையும் கண்ணாடியும் இன்றியமையாதவை. கழுவிய பின் சலவைச் சோடாக் கரைசலால் அமிலத்தை மாற்றி, நல்ல நீரால் பன்முறை அலசி, முற்றிலும் உலரவிட வேண்டும். நெசவுக்கூடத்தில் இம்முறையைத் தவிர்ப்பதே நன்று. அமில ஆவி தறியின் இரும்புப் பாகங்களைத் துருப்பிடிக்கச் செய்யும். பருத்தி நூலின் வலுவையும் குறைக்கும்.

பூசும் முறை

காலத்தைப் பொறுத்தவரை தை, மாசி மாதங்கள் உகந்தவை. நேரத்தைப் பொறுத்தவரை வெயில் தாழ்ந்த பிற்பகலே ஏற்றது. காலையில் பூசினால், தளம் சூடேறுகையில் நுண்துளைகளிலுள்ள காற்று விரிந்து படலத்தில் குமிழிகளை எழுப்பும். தளம் குளிரும் வேளையில் இத்தொல்லை குறைவு.

கனமாக ஒரு முறை பூசுவதைவிட மெல்லியதாக இரு முறை பூசுவதே நலம். முதற்பூச்சு நீளவாக்கில் ஓடினால் இரண்டாவது அகலவாக்கில் ஓட வேண்டும். அளவைக் கணக்கிட்டே வாங்குக. உதாரணமாக, 40 அடிக்கு 25 அடிக் கிடங்கு 1000 சதுர அடி. ஏறத்தாழ 93 சதுர மீட்டர். ஒரு லிட்டர் 8 சதுர மீட்டருக்கு வரும் என்று டப்பாவில் குறித்திருந்தால், இருமுறை பூச 23 லிட்டருக்குச் சற்று மேல் ஆகும். சேதாரம் பத்தில் ஒரு பங்கு சேர்த்து 26 லிட்டர் போதும். இதற்கு 40 லிட்டர் பட்டியல் வருமாயின், காரணம் கேட்பது நிர்வாகக் குழுவின் கடமை.

கரைப்பான் கலந்த பூச்சுகள் எளிதில் தீப்பற்றுவன. நூல் சிப்பங்களை முன்னதாக அகற்றிவிட்டு, கதவு சன்னல்களைத் திறந்து வைத்தே பூச வேண்டும். பீடி, அடுப்பு எதுவும் அருகில் கூடாது. பூசிய பின்னரும், டப்பாவில் குறித்த காலம் கழியும்வரை பாரம் ஏற்றலாகாது.

எத்தளத்திற்கு எது?

நூல் கிடங்கிற்கும் நெசவுக்கூடத்திற்கும் சிலிகேட் வகையே பெரும்பாலும் போதுமானது. எண்ணெய் சிந்தும் இடமாயின் படல வகை வேண்டும். காரமும் நீரும் ஓயாது புழங்கும் சாயச்சாலைக்கு எபாக்சி ஏற்றது. ஆனால் வழவழப்பான படலத்தில் நீர் நின்றால் வெறுங்காலோடு நடப்போர் வழுக்கி விழுவர். கடைசிப் பூச்சில் நுண்மணல் தூவச் சொல்வது அவசியம். நெல்லும் கடலையும் நேரே உலர்த்தும் களத்திற்குப் படலப் பூச்சு வேண்டாம். வெயிலில் அது சிதையும். சிதைந்த துகள் உண்ணும் பொருளோடு கலக்கும். களத்திற்குச் சரியான கலவையும், முழுமையாக நீர் நிறுத்திய பதமுமே காப்பு.

அங்கத்தினர்கள் கவனத்திற்கு

தீர்மானம் நிறைவேற்றுவதற்கு முன்னரே ஈரச் சோதனை நடத்தி, அதன் முடிவை நடவடிக்கைப் புத்தகத்தில் பதிய வேண்டும். மூன்றடிச் சதுரத்தில் மாதிரி பூசிப் பார்த்து, அது உறுதியாகப் பிடித்திருப்பதைக் கண்டபின் வேலையை ஒப்படைக்கலாம். ஒரு மழைக்காலம் கழியும்வரை தொகையில் ஒரு பகுதியை நிறுத்தி வைக்கும் நிபந்தனையை ஒப்பந்தத்தில் சேர்ப்பது சங்கத்திற்குப் பாதுகாப்பு. பூசிய நாள், பொருளின் பெயர், அளவு ஆகியவற்றைக் குறித்து வைத்தால், மறுபூச்சுக் காலத்தில் பின்வரும் குழுவினருக்கு உதவும்.

பொதுக்குழுவில் இச்செலவு விவாதத்திற்கு வரும்போது, என்ன நிறம் என்று கேட்பதற்குமுன், தளம் உலர்ந்திருக்கிறதா என்று அங்கத்தினர் ஒருவரேனும் கேட்பாராக.