காஞ்சிப் பட்டும் மென்னீரும்

காஞ்சிபுரம் கோயில்களாலும் பட்டாடைகளாலும் பெயர் பெற்ற நகரம். அதன் தெற்கே பாலாறும், நகரை ஒட்டி வேகவதி ஆறும் ஓடுகின்றன. ஓடுகின்றன என்று எழுதுவது வழக்கம் பற்றியே. ஆண்டின் பெரும்பகுதியில் பாலாற்றில் கண்ணுக்குத் தெரிவது வெறும் மணற்பரப்புதான். கருநாடகத்து நந்திமலைப் பகுதியில் தோன்றும் இவ்வாறு, ஆந்திரத்தைக் கடந்து தமிழகத்துள் புகுந்து, வயலூருக்கு அருகே வங்கக் கடலை அடைகின்றது. மேலே வறண்டு கிடப்பினும் மணலுக்கு அடியில் நீர் ஊர்ந்துகொண்டே இருக்கும். அவ்வூற்று நீரே காஞ்சி நகரத்துக் குழாய்களுக்கும் வந்து சேர்கின்றது.

காஞ்சிப் பட்டின் பளபளப்புக்குப் பாலாற்று நீரே காரணம் என்று ஊரார் பெருமையுடன் கூறுவதுண்டு. இக்கூற்றில் எவ்வளவு உண்மை உள்ளது? நீரில் கலந்திருப்பது இன்னது என்று அறிந்த பின்னரே இதற்கு விடை கூற இயலும்.

வானத்திலிருந்து விழும் மழைநீர் மிகத் தூயது. அது விழும்போதே காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிதளவு கரைத்துக்கொள்கின்றது. மண்ணில் இறங்குங்கால் அங்குள்ள வாயுவும் அதனோடு சேர்கின்றது. இவ்வாறு சற்றே புளிப்புத் தன்மை பெற்ற நீர், சுண்ணாம்புக் கற்களின் இடையே செல்லும்போது கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புக்களைக் கரைத்து எடுத்துச் செல்கின்றது. இவ்வுப்புக்கள் மிகுந்த நீர் கடின நீர். குறைந்த நீர் மென்னீர். லிட்டருக்கு 60 மில்லிகிராம் வரை கடினத்தன்மை உடையதை மென்னீர் என்றும், 180 மில்லிகிராமுக்கு மேற்பட்டதை மிகக் கடின நீர் என்றும் அறிஞர் வகுப்பர். இந்தியத் தர அளவு குடிநீரில் 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கின்றது. வேறு நீர் கிடைக்காவிடத்து 600 வரை விடுகின்றது. ஆகவே, குடிப்பதற்குத் தீங்கில்லாத நீரும் துணி துவைப்பதற்குப் பெருந்தொல்லையாக இருத்தல் கூடும்.

கடின நீரில் சவர்க்காரத்தைத் தேய்த்தால் எளிதில் நுரை வருவதில்லை. சவர்க்காரம் கால்சியத்தோடு கூடிக் கரையாத வெண்திரையாக மாறிவிடுகின்றது. கால்சியம் முழுவதும் இவ்வாறு பிரிந்த பிறகே நுரை எழும். 300 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள நீர் 100 லிட்டர் இருப்பின், அதில் ஏறத்தாழ 180 கிராம் சவர்க்காரம் ஓர் அழுக்கையும் போக்காமலே வீணாகிவிடும் என்று கணக்கிடலாம். அடுக்களையிலும் இவ்வாறே. கடின நீரில் பருப்பு வேகாது. நீரிலுள்ள கால்சியம் பருப்பின் திசுக்களை இறுகச் செய்வதே அதற்குக் காரணம். வெந்நீர்ப் பாத்திரத்தின் உட்புறம் வெள்ளைப் படிவு படியும். படிவு தடித்தால் அடுப்பின் வெப்பம் நீரை அடைவது தாமதமாகும். விறகு கூடுதலாகச் செலவாகும்.

வீட்டில் இது தொல்லை மட்டுமே. சாயப் பட்டறையிலோ இது தொழிலையே பாதிப்பது. பட்டுப்புழு நூற்கும் இழையில் இரு பொருள்கள் உள்ளன. உள்ளே இருப்பது உறுதியான இழை; அதனைச் சுற்றிப் பசை ஒன்று மூடியிருக்கின்றது. கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இப்பசையே. பசை நீங்காத பட்டு முரடாகவும் மங்கலாகவும் இருக்கும். எனவே சாயமிடுவதற்கு முன் நூலைச் சவர்க்காரக் கரைசலில் இட்டுக் கொதிநிலைக்குச் சற்றுக் குறைந்த சூட்டில் வேகவைப்பர். நீர் கடினமாயின், மேற்கூறிய வெண்திரை நூலின்மேல் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் சாயம் ஏறாது. நூல் திட்டுத் திட்டாக நிறம் கொள்ளும். நெசவாளர் பல நாள் தறியில் அமர்ந்து, கோர்வை சேர்த்து, சரிகையிட்டு நெய்து முடித்த சேலையில் அத்திட்டுக் காணப்பட்டால், அவருடைய உழைப்பு அத்தனையும் பாதி விலைக்குப் போய்விடும்.

பட்டின் ஒளி அதன் இழையிலேயே அமைந்தது. இழையின் குறுக்கு வெட்டு ஏறத்தாழ முக்கோண வடிவானது. அது பளிங்குப் பட்டகம்போல் ஒளியைத் திருப்பி வீசுகின்றது. நல்ல நீர் அவ்வொளியைத் தருவதன்று, கெடுக்காமல் விடுவது. ஊரார் கூற்றில் இவ்வளவே உண்மை. எனினும் இது சிறிய உண்மையன்று.

எல்லாச் சாயத்திற்கும் கடின நீர் பகை என்று கொள்ளலாகாது. சோழமண்டலக் கடற்கரையில் பருத்தித் துணிக்குச் செந்நிறம் ஊட்டிய சாயவேருக்குக் கால்சியம் வேண்டும். அஃது இல்லையேல் சிவப்பு எடுப்பாக அமையாது. மென்னீருக்கும் குறை உண்டு. 1859-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டுக் கிளாஸ்கோ நகருக்குக் காட்ரின் ஏரியிலிருந்து மிக மென்மையான நீர் கொண்டுவரப்பட்டது. இல்லத்தரசியர்க்குச் சவர்க்காரச் செலவு மிச்சமாயிற்று. ஆனால், அந்நீர் குழாய்களின் உட்புறத்தில் காப்பான படிவை உண்டாக்காமல், ஈயக் குழாய்களையே கரைத்து மக்கள் உடலில் ஈயத்தைச் சேர்த்தது. 1978-இல் அந்நீரில் சுண்ணாம்பு கலக்கத் தொடங்கினர். கடின நீரைக் குறை கூறுவோர் இதனையும் நினைத்தல் நன்று.

பாலாறு இன்று பழைய நிலையில் இல்லை. அதன் மேற்பகுதியில் உள்ள தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் உப்புக் கழிவால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் வேளாண்நிலம் முற்றிலுமோ ஓரளவோ பயிருக்கு உதவாமற் போயிற்று என்பதை 1996-இல் உச்சநீதிமன்றம் தன் தீர்ப்பில் எடுத்துரைத்தது. மணலை அள்ளுந்தோறும் நீரைத் தேக்கி வைக்கும் இடமும் குறைகின்றது. மணலூற்று வற்றினால் ஆழ்துளைக் கிணறு தோண்ட வேண்டும். பாறையோடு நெடுங்காலம் தங்கிய ஆழத்து நீரோ பெரும்பாலும் கடினமாகவே இருக்கும்.

கடின நீரை மென்மையாக்க வழிகள் உள்ளன. ஒரு வகைக் கடினம் கொதிக்க வைத்தாலே நீங்கும். மற்றொரு வகைக்குச் சலவைச் சோடா வேண்டும். இக்காலத்தில் நீரை ஒருவகைப் பிசின் மணிகளின் வழியே செலுத்துவர். மணிகள் கால்சியத்தைப் பற்றிக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. சில நாளில் அவை களைத்துப்போகும். அப்போது உப்புக் கரைசலால் கழுவினால் மீண்டும் பயன்படும். கழுவிய உப்புநீரைச் சாக்கடையில் விட்டால், அது பெரும்பாலும் அதே ஊரின் நிலத்துக்குள்ளேயே இறங்குகின்றது.