திறக்கும் முன்னரே நம்பிக்கை தேடிய வங்கி

கட்டடம் இல்லை, பெயர்ப்பலகை இல்லை, விளம்பரம் ஒட்டச் சுவரும் இல்லை. வாடிக்கையாளர் என்று அறியப்பட்டால் சிறை செல்லவும் நேரலாம். இத்தகையதொரு வங்கிக்காக யாங்கூன் மக்களிடையே எதிர்பார்ப்பு எவ்வாறு வளர்க்கப்பட்டது? புலம்பெயர்ந்து வாழும் நாம் அறிந்துகொள்ள வேண்டிய கதை இது.

இரங்கூன் என்று எம் முன்னோர் அழைத்த அந்நகரம் தமிழருக்குப் புதிதன்று. மொகல் வீதியில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் தங்கள் கோயிலிலே கூடி வட்டி வீதத்தை நிர்ணயித்த காலம் ஒன்றிருந்தது. சொல்லும் உண்டியற் சீட்டுமே அன்று பணத்தைக் கடல் கடத்தின. ஆயினும் 1930களின் பொருளாதார மந்தத்தில் கடன்கள் திரும்பவில்லை. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930 இல் ஏறத்தாழ 6 சதவீதமாக இருந்த அவர்களது நிலவுடைமை, 1938 இல் 25 சதவீதமாயிற்று. நம்பிக்கை இருந்த இடத்தில் பகை வளர்ந்தது.

பின்னர் அரசே மக்களின் பணத்தைச் செல்லாததாக்கியது. 1964, 1985, 1987 ஆகிய ஆண்டுகளில் நோட்டுகள் ஒரே அறிவிப்பில் மதிப்பிழந்தன. 1987 இல் நட்டஈடும் கிடையாது; அந்தக் கொதிப்பு 1988 எழுச்சிக்கு வழிவகுத்த காரணங்களுள் ஒன்று. 2003 இல் தனியார் வங்கிகள் நெருக்கடியில் வீழ்ந்தன. 2021 பெப்ரவரி 1 இராணுவப் புரட்சியின் பின், சொந்தப் பணத்தை எடுக்க மக்கள் வங்கி வாசல்களில் விடியுமுன் வரிசையில் நின்றனர்.

இவ்வேளையில்தான் இராணுவத்தை எதிர்க்கும் தேசிய ஐக்கிய அரசாங்கம் மக்களிடம் பணம் கேட்டது. வாக்குறுதியை முழங்கவில்லை, படிப்படியாகச் செய்து காட்டியது. 2021 ஓகஸ்டில் 2,000 கியாட் விலையில் அதிர்ஷ்டலாபச் சீட்டு வந்தது. வருவாயில் 70 சதவீதம் வேலைநிறுத்தம் செய்த ஊழியருக்கு என்றனர். நவம்பரில் வட்டியே இல்லாத, ஈராண்டுக் கடன் பத்திரங்கள் வெளிவந்தன. முதல் நாளிலேயே 63 இலட்சம் டொலர் சேர்ந்ததாக அவர்கள் அறிவித்தனர். டிசெம்பரில் டெதர் எனும் டொலர் சார்ந்த மின்நாணயத்தை ஏற்றனர். நாட்டின் மத்திய வங்கியோ இத்தகைய நாணயங்களை 2020 இலேயே தடுத்திருந்தது. 2022 இல் கைத்தொலைபேசிப் பணப்பரிமாற்றமும், 2023 இல் பொலிகன் என்ற பிளொக்செயின் பதிவேட்டின் மீது ஸ்பிரிங் டெவலப்மென்ட் பாங்க்கும் வந்தன. ஒவ்வொரு படியும் அடுத்த படிக்குச் சாட்சியாயிற்று.

எனினும் நாம் நிதானிக்க வேண்டும். பதிவேடு பலரது கணினிகளில் இருப்பதால் மட்டும் ஒரு வங்கி மக்கள் உடைமையாகிவிடாது. அதை நடத்துவோரின் நேர்மையே இறுதிக் காப்பு. எதிர்பார்ப்பை மட்டுமே விற்றவர்களையும் உலகம் கண்டது. 2016 இல் இலண்டன் வெம்பிளி அரங்கில் ஆரவாரத்துடன் புகழப்பட்ட ஒன்கொயினுக்கு உண்மையான பிளொக்செயின் இருக்கவேயில்லை. உலகெங்கும் எளிய மக்கள் தம் சேமிப்பை இழந்தனர்.

எம்மவரிடையிலும் சீட்டுப் பிடித்தவர் இரவோடிரவாக மறைந்த கதைகள் குறைவல்ல. ஊருக்கு அனுப்பும் பணம் உண்டியலில் செல்லும் வரை, புதிய திட்டங்கள் எம் கதவையும் தட்டும். அப்பொழுது கேட்க வேண்டியவை சில: இதற்கு முன் என்ன செய்து காட்டினீர்கள்? கணக்கை யார் பார்ப்பார்கள்? பணத்தை மீளப்பெறும் நாள் எது? பணம் திரும்பாவிடில் எந்த நாட்டு நீதிமன்றத்தில் முறையிடலாம்?

யாங்கூன்வாசிகள் வட்டியற்ற பத்திரத்தை வாங்கியபோது, பணம் போனாலும் போகட்டும் என்று துணிந்தே வாங்கினர். அது தியாகம். எம்மிடம் வருபவர் தியாகத்தைக் கேட்கிறாரா, முதலீட்டைக் கேட்கிறாரா என்பதை முதலில் தெளிவாகக் கேட்டறிவோம்.