மெதுவாக வரும் படகும் ஆபத்தானதே

ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியாவுக்கு வருகின்ற உல்லாசப் பயணிகளில் கிரகரி வாவிக் கரைக்குச் செல்லாதோர் வெகு சிலரே. ஆளுநர் சேர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873 ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட இவ்வாவியில் இன்று குடும்பமாக மிதித்துச் செல்லும் அன்னப் படகுகளும், சீறிப் பாயும் ஜெட் ஸ்கைகளும் ஒரே நீர்ப்பரப்பைப் பகிர்ந்துகொள்கின்றன. வேகமாகச் செல்லும் படகே ஆபத்தானது, மெதுவாக வருவதால் தீங்கில்லை என்பது பொதுவான எண்ணம். ஜெட் படகுகளைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் தவறானது என்பதை நாம் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம்.

சாதாரண இயந்திரப் படகில் சுக்கானோ, அதன் பணியைச் செய்யும் இயந்திரத்தின் கீழ்ப்பகுதியோ நீருக்குள் அமிழ்ந்திருக்கும். விசை குறைந்த பின்னரும் அது ஓரளவு திசையைத் திருப்பும். ஜெட் படகில் பொதுவாக அவ்வாறான உறுப்பு இல்லை. அடிப்புறத் துவாரத்தினூடாக உறிஞ்சப்படும் நீர், உள்ளே சுழலும் விசிறியினால் உந்தப்பட்டுப் பின்புறக் குழாய்வாயினூடாகப் பீய்ச்சப்படுகின்றது. அக்குழாய்வாய் திரும்பினால்தான் படகும் திரும்பும். நியூசிலாந்தின் ஆழமற்ற ஆறுகளில் செல்வதற்காக வில்லியம் ஹமில்டன் என்பவர் 1950 களில் விருத்தி செய்த முறை இதுவாகும்.

பீய்ச்சும் நீர் குறையும்போது படகைத் திருப்பும் சக்தியும் குறைகின்றது. எதிரே மிதிபடகொன்றைக் கண்டு பதறும் பழக்கமற்றவர், விசையை முற்றாக விட்டுவிட்டுக் கைப்பிடியை மாத்திரம் திருப்புவார். படகோ திரும்பாது நேரே வழுக்கிச் செல்லும். விலகிச் செல்வதற்கும் சிறிது விசை வேண்டும் என்பதே இங்கு முதற்பாடம். புதிய ஜெட் ஸ்கைகள் பலவற்றில் இதற்கு மாற்று ஏற்பாடுகள் உண்டெனினும், பழையவற்றில் அவற்றை எதிர்பார்க்க முடியாது.

இறங்குதுறையை நெருங்கும்போது மற்றொரு சிக்கல் எழுகின்றது. பல ஜெட் படகுகளில் இயந்திரம் இயங்கும்வரை விசிறியும் சுழன்றுகொண்டே இருக்கும். குழாய்வாயின் பின்னாலுள்ள வாளி போன்ற மூடியை முழுமையாக இறக்கினால் நீர் முன்னோக்கித் திரும்பிப் படகு பின்செல்லும். பாதியளவில் நிறுத்தினால் இரு விசைகளும் சமனாகிப் படகு நிற்கும். எனவே 'நியூட்ரல்' என்பது ஒரு சமநிலை மாத்திரமே. மூடியை இயக்கும் கேபிள் சற்றுத் தளர்ந்தாலும், பயணி கரையில் கால் வைக்கும் வேளையில் படகு ஊர்ந்துவிடும். இயந்திரத்தைச் சீரான மெதுவோட்டத்தில் வைத்து, வேகத்தை மூடியினால் கட்டுப்படுத்துவதே தேர்ந்த படகோட்டியின் வழக்கம். இயந்திரம் இயங்குகையில் படகின் பின்புறத்தை எவரும் நெருங்கலாகாது.

மலைநாட்டுக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. இங்கு காற்றின் அடர்த்தி கடல் மட்டத்திலும் பார்க்க ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. பெந்தோட்டைக் கரையில் சீர்செய்யப்பட்ட காபரேற்றர் இயந்திரம், இங்கு எரிபொருள் மிகுந்து திணறும். மெதுவோட்டத்தில் அணைந்தும் போகலாம். அணைந்த ஜெட் படகைத் திருப்ப வழியில்லை. துவாரத்தில் நீர்க்களை சிக்கினாலும் இதே கதிதான். ஆகவே இயந்திரங்களை இவ்வுயரத்துக்கு ஏற்பச் சீர்செய்வதும், மூடியின் கேபிளையும் நீர்த்துவாரத்தையும் நாள்தோறும் முதற்சவாரிக்கு முன் பரிசோதிப்பதும் இன்றியமையாதவை.

உல்லாசப் பயணத்துறை வளர வளர, காசல்ரீ போன்ற நீர்த்தேக்கங்களின் கரைகளிலும் தோட்டப்புற இளைஞர்களுக்குப் படகுத் தொழில் ஒரு வருமான வழியாகலாம். அவர்களுக்கு வேகமாக ஓட்டுவதை மாத்திரமன்றி, மெதுவாக ஓட்டுவதையும் முறையாகக் கற்பிக்க வேண்டும். மிதிபடகுகளுக்கெனத் தனி நீர்ப்பரப்பும், பயணிகள் அனைவருக்கும் உயிர்காப்பு அங்கியும் கட்டாயமாதல் வேண்டும். மகிழ்ச்சியை நாடி வரும் குடும்பங்கள் மகிழ்ச்சியுடனேயே வீடு திரும்ப வேண்டும். அதற்கான பொறுப்பு படகு உரிமையாளர்களுக்கும் அதிகாரிகளுக்கும் உரியது என்பதை வலியுறுத்துகின்றோம்.