கரடியை மன்னித்தவர், மருமகளை மன்னிக்காதவர்... ‘ஆன் அன்ஃபினிஷ்டு லைஃப்’ படம் பேசுவது என்ன?

கார் ஓட்டப்போவது யார்? கணவனும் மனைவியும் காசு சுண்டிப் பார்க்கிறார்கள். முறை மனைவிக்கு வருகிறது. இரவுப் பயணம், அசதி. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே கண் அசந்துவிடுகிறார். விபத்தில் கணவர் இறந்துபோகிறார். மனைவி பிழைத்துக்கொள்கிறார், வயிற்றில் குழந்தையோடு.

‘ஆன் அன்ஃபினிஷ்டு லைஃப்’ தொடங்குவது இதற்குப் பல ஆண்டுகள் கழித்து. 2005இல் வெளியான இந்தப் படத்தை இயக்கியவர் சுவீடனைச் சேர்ந்த லாஸ்ஸே ஹால்ஸ்ட்ரோம். ‘சாக்கலா’ எடுத்தவர் என்றால் சிலருக்குச் சட்டென நினைவுக்கு வரலாம். வயோமிங் மாகாணத்துப் பண்ணையில் வளர்ந்த எழுத்தாளர் மார்க் ஸ்ப்ராக்கின் நாவல்தான் மூலம். மனைவியுடன் சேர்ந்து திரைக்கதையையும் அவரே எழுதினார்.

ஒரு எச்சரிக்கை: இனி வருவதில் ஸ்பாய்லர் நிறைய உண்டு.

யாருக்கும் யாருக்கும் பகை?

இறந்தவர் கிரிஃபின். அப்பா எய்னர், வயோமிங்கில் மாட்டுப் பண்ணைக்காரர். இந்த வேடத்தில் ராபர்ட் ரெட்ஃபோர்டு. 2025 செப்டம்பரில் 89 வயதில் மறைந்தவர். மார்வெல் ரசிகர்களுக்கு ‘கேப்டன் அமெரிக்கா: தி வின்டர் சோல்ஜர்’ படத்தின் அலெக்சாண்டர் பியர்ஸ்.

மகன் போனதும் எய்னரின் வாழ்க்கை நின்றுவிடுகிறது. குடி. மனைவி விட்டுப் போகிறார். பண்ணையில் மாடுகளும் பெரிதாக மிச்சமில்லை. மகனின் கல்லறைக்குப் போய் உட்கார்ந்து, உயிரோடு இருப்பவரிடம் பேசுவதுபோலப் பேசிக்கொண்டிருப்பார். “என் பையனைக் கொன்னவ” என்பதுதான் மருமகள் ஜீனைப் பற்றி அவர் மனதில் இருக்கும் ஒரே எண்ணம்.

அந்த ஜீன் (ஜெனிஃபர் லோபஸ்) ஒருநாள் வாசலில் வந்து நிற்கிறார். அடித்து உதைக்கும் காதலனிடமிருந்து தப்பித்து, மகளோடு வந்திருக்கிறார். போக வேறு இடம் கிடையாது. இறந்த அப்பாவின் பெயரைச் சுமக்கும் சிறுமி கிரிஃப்தான் தன் பேத்தி என்பதே எய்னருக்கு அப்போதுதான் தெரிய வருகிறது.

கரடி எதுக்கு?

படத்தின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. எய்னரின் பழைய நண்பர் மிட்ச் (மார்கன் ஃப்ரீமன்) அதே பண்ணையில் வசிக்கிறார். ஓராண்டுக்கு முன்பு கன்றுக்குட்டியைத் தாக்கிய கரடியை விரட்டப் போய், முகமும் உடம்பும் கிழிபட்டவர். எய்னர் தினமும் அவருக்கு மார்ஃபின் ஊசி போடுகிறார், சமைத்துக் கொடுக்கிறார், தழும்புகளுக்கு மருந்து தடவுகிறார். பார்க்கிறவர்களுக்கு ‘என்னா நட்பு!’ என்று தோன்றும். நட்புதான். ஆனால் அதற்குள் வேறொரு கணக்கும் ஓடுகிறது. கரடி தாக்கிய நேரத்தில் எய்னர் போதையில் இருந்தார். நண்பனைக் காப்பாற்ற வேண்டிய நேரத்தில் அவரால் முடியவில்லை.

ஸ்டீயரிங்கில் ஜீன் தூங்கிவிட்டார். துப்பாக்கி தூக்க வேண்டிய நேரத்தில் எய்னர் போதையில் கிடந்தார். இரண்டுமே வேண்டுமென்று செய்தவை கிடையாது. இரண்டிலும் விலை கொடுத்தது இன்னொருவர். மருமகளின் தவறை எய்னர் ஆண்டுக்கணக்கில் சுமக்கிறார். தன் தவறைப் பற்றி வாயே திறக்காமல், ஊசிகளாக எண்ணிக் கழிக்கிறார்.

பிறகு அந்தக் கரடி பிடிபட்டு, ஊரில் இருக்கும் சின்ன மிருகக்காட்சிக் கூண்டுக்குப் போகிறது. அடிபட்ட மிட்ச் என்ன கேட்கிறார் தெரியுமா? “அதைத் திறந்து விட்டுடு.” கரடி செய்தது கரடியின் வேலை, அதன்மீது அவருக்குக் கோபமில்லை. நடக்கவே தடுமாறும் நண்பனுக்காக, கரடியைச் சுட நினைத்த எய்னரே பேத்தியோடு அதை விடுவிக்கக் கிளம்புகிறார். திட்டம் சொதப்புகிறது, எய்னரும் அடிபடுகிறார். மகனைப் பறிகொடுத்தவருக்கு மன்னிப்பு பற்றி எத்தனையோ பேர் புத்தி சொல்லியிருக்கலாம். அவர் காது கொடுப்பது, மன்னிக்க எல்லாரையும்விட அதிகக் காரணம் வேண்டியிருந்த ஒருவர் சொல்லும்போதுதான்.

ஏன் பண்ணை?

அமெரிக்காவிலேயே மக்கள்தொகை மிகக் குறைந்த மாகாணம் வயோமிங். 6 லட்சம் பேர்கூட இல்லை. பக்கத்து வீடு என்பது கண்ணுக்கு எட்டாத தூரம். ஒருவரோடு பேசுவதை நிறுத்திவிட்டால், பேசாமலேயே வாழ்நாளை ஓட்டிவிடலாம். சமாதானம் பேச வரும் மாமாவோ அத்தையோ அங்கே இல்லை. பண்ணைக்கு வாரிசும் முக்கியம்: ஒரே மகன் போனால் நிலத்தின் எதிர்காலமும் சேர்ந்து போகிறது. கிரிஸ்லி கரடியும் கதைக்காகச் சேர்த்த மசாலா இல்லை. அலாஸ்கா தவிர்த்த அமெரிக்காவில் 1975 முதல் சட்டப் பாதுகாப்பில் இருக்கும் விலங்கு அது. வடமேற்கு வயோமிங்கின் மாட்டுக்காரர்களுக்கு அதோடு இன்றும் உரசல் உண்டு.

வேடிக்கை என்னவென்றால், படம் எடுக்கப்பட்டது கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில். கரடியாக நடித்த ‘பார்ட் 2’, ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரில் பிரியெனோடு மோதிய அதே கரடி.

குறை இல்லையா?

இருக்கு. துரத்தி வரும் காதலன் டிராக் அச்சில் வார்த்த வில்லன் கதை. ஷெரிஃபோடு ஜீனுக்கு மலரும் காதலும் அவசர அவசரமாக முடிகிறது. பெரிய குறை வேறு: எய்னரின் துக்கத்துக்கு மலையும் புல்வெளியும் கல்லறையும் தரும் படம், ஜீனின் துக்கத்துக்கு அதில் கால்வாசி இடமும் தரவில்லை. இறந்தவர் அவருக்கும் கணவர்தானே? இதை ஜீனே எய்னரின் முகத்துக்கு நேராகக் கேட்கும் வாக்குவாதம்தான் லோபஸின் மிகச் சிறந்த காட்சி. காசு சுண்டிய கதையும் அங்கேதான் வெளியே வருகிறது. அதுவரை அதை அவரிடம் யாரும் கேட்கவே இல்லை.

படத்தின் தலைப்பு கிரிஃபினின் கல்லறைக் கல்லில் பொறித்திருக்கும் வாசகம். ‘முடிவடையாத ஒரு வாழ்க்கை’ என்று பொருள். மகனுக்காகச் செதுக்கியதுதான். ஆனால் தினமும் அதன் எதிரில் உட்கார்ந்திருப்பவர் எய்னர்.