தோழிக்காகப் பிள்ளை சுமக்கலாமா?

"உன் வயிற்றில் தங்காவிட்டால் என்ன? என் வயிற்றில் தங்கட்டும். நான் பெற்றுத் தருகிறேன்!"

பிள்ளை இல்லாத தோழியின் கண்ணீரைப் பார்த்து இப்படிச் சொல்ல நினைக்கும் பெண்கள் இருக்கிறார்கள்.

நல்ல மனம்தான். ஆனால் இது ஒரு படி அரிசி கொடுத்து உதவுவது போன்றது அல்ல. பத்து மாதம் தன் உடம்பையே கொடுக்கும் உதவி. வாக்குக் கொடுக்கும் முன்பு தெரிந்துகொள்ள வேண்டியவை பல உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

தோழிக்காகக் குழந்தை சுமக்க நம் நாட்டுச் சட்டம் இடம் தருகிறது. 2021-ல் பாராளுமன்றம் நிறைவேற்றிய வாடகைத்தாய் சட்டம், 25-1-2022 முதல் அமலில் இருக்கிறது.

2019-ல் லோக்சபையில் நிறைவேறிய மசோதா, நெருங்கிய உறவுக்காரப் பெண்தான் சுமக்க வேண்டும் என்றது. அதை மாற்றும்படி மேல்-சபைக் கமிட்டி யோசனை சொன்னது. அதன்படி, "மனம் விரும்பி முன்வரும் பெண்" சுமக்கலாம் என்று சட்டம் வந்தது. அந்தப் பெண் தோழியாகவும் இருக்கலாம்.

வாடகை கிடையாது!

"வாடகைத்தாய்" என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இன்று இதில் வாடகை வாங்கக்கூடாது.

முன்பு பணத்துக்காகப் பிள்ளை சுமந்து கொடுத்தார்கள். குஜராத்தில் உள்ள ஆனந்த் நகரம் இதற்குப் பெயர் பெற்றிருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் அங்கே தேடி வந்தார்கள்.

இன்று வைத்தியச் செலவு, இன்சூரன்சு, விதிகளில் சொல்லப்பட்ட மற்றச் செலவுகள் ஆகியவை தவிர, பணமோ பரிசோ தரக்கூடாது. பணத்துக்காக இதை நடத்துகிறவர்களுக்கு 10 ஆண்டு வரை ஜெயில். 10 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

யார் சுமக்கலாம்?

சுமக்கும் பெண்ணுக்கு வயது 25 முதல் 35-க்குள் இருக்க வேண்டும். திருமணம் ஆனவராகவும், சொந்தக் குழந்தை பெற்றவராகவும் இருக்க வேண்டும். உடலும் மனமும் தகுதியாக இருப்பதாகச் சர்டிபிகேட் வேண்டும்.

வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் வாடகைத்தாய் ஆகலாம். அதற்கான முயற்சியும் மூன்று தடவைக்கு மேல் கூடாது.

பிள்ளை கேட்கும் தம்பதிக்கும் நிபந்தனைகள் உண்டு. மனைவிக்கு வயது 23 முதல் 50 வரை. கணவனுக்கு 26 முதல் 55 வரை. பொதுவாக, அவர்களுக்கு வேறு குழந்தை இருக்கக்கூடாது.

கருப்பை இல்லாதவர், பல தடவை கருக்கலைந்தவர், சோதனைக்குழாய் முறை பலமுறை தோற்றவர், கர்ப்பம் தரித்தால் உயிருக்கே ஆபத்து என்ற நோய் உள்ளவர்... இப்படிப்பட்டவர்களுக்குத்தான் அனுமதி. மருத்துவக் குழு பார்த்துச் சர்டிபிகேட் தரும். அதன் பிறகு மாஜிஸ்திரேட்டு கோர்ட்டு உத்தரவும் வாங்க வேண்டும்.

பிள்ளை இல்லாவிட்டால் பெண்ணையே குறை சொல்வது நம் ஊர் வழக்கம். அது தவறு. குறை கணவனிடமும் இருக்கலாம். அப்படி இருந்தால் வாடகைத்தாய் தேவையே இல்லை. முதலில் இருவரும் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

யாருடைய குழந்தை?

சுமக்கும் பெண் தன் கருமுட்டையைக் கொடுக்கக்கூடாது என்பது சட்டம். அதற்கு ஒரு காரணம் உண்டு.

அமெரிக்காவில் 1986-ல் ஒரு பெண், தன் கருமுட்டையிலேயே உருவான குழந்தையை வேறொரு தம்பதிக்காகப் பெற்றார். கொடுத்த பிறகு மனம் கேட்கவில்லை. குழந்தையைத் திரும்பக் கேட்டார். வழக்கு நியூஜெர்சி சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. குழந்தை தகப்பனிடம் வளரட்டும், பெற்றவள் வந்து பார்க்கலாம் என்று 1988-ல் முடிவானது.

2008-ல் குஜராத்தில் வேறொரு சிக்கல். ஜப்பான் தம்பதிக்காக ஒரு பெண் பிள்ளை சுமந்தார். குழந்தை பிறக்கும் முன்பே அந்தத் தம்பதி விவாகரத்து செய்துகொண்டனர். அந்த வழக்கு நம் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. கடைசியில், தகப்பனைப் பெற்ற பாட்டி குழந்தையை ஜப்பானுக்கு எடுத்துச் சென்றார்.

இப்போதைய சட்டப்படி, பிறக்கும் குழந்தை அதைக் கேட்ட தம்பதியின் சொந்தக் குழந்தை. ஊனம் என்றோ, பெண் என்றோ, வேறு எந்தக் காரணம் சொல்லியோ அதைக் கைவிட முடியாது.

உடம்பு என்ன பாடுபடும்?

தம்பதியின் கருவை ஆஸ்பத்திரியில் உருவாக்குவார்கள். சுமக்கும் பெண் பல நாள் மாத்திரையும் ஊசியும் போட்டுக்கொண்டு கருப்பையைத் தயார் செய்ய வேண்டும். பிறகு மெல்லிய குழாய் வழியாகக் கருவை உள்ளே வைப்பார்கள். சுமார் இரண்டு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை. கரு தங்காமலும் போகலாம்.

தங்கிவிட்டால் எல்லாக் கர்ப்பத்திலும் உள்ள ஆபத்து இதிலும் உண்டு. ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, ரத்தப்போக்கு, ஆபரேஷன் எல்லாம் வரலாம். அதனால்தான் அவருக்கு 36 மாதத்துக்கு இன்சூரன்சு எடுக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துகிறது.

பிரசவம் ஆன சில நாளில் மார்பில் பால் சுரக்கும். யார் குழந்தை என்று பாலுக்குத் தெரியாது! தொட்டில் இல்லாத வீட்டுக்குத் திரும்பும்போது மனம் வெறிச்சோடும். பாலை நிறுத்த டாக்டர் மாத்திரை தருவார். மனத்தைத் தேற்ற வீட்டில் ஆள் வேண்டும்.

வீட்டில் பேசிவிட்டீர்களா?

வாந்தி எடுத்துப் படுத்தால் சமைப்பது யார்? கணவன் முழு மனத்தோடு சம்மதிக்கிறாரா? மாமியாருக்கும் அக்கம்பக்கத்துக்கும் என்ன சொல்வது?

உங்கள் குழந்தை, "அம்மா, வயிற்றில் இருந்த பாப்பா எங்கே?" என்று கேட்கும். "அது அத்தை வீட்டுப் பாப்பா. நான் பத்திரமாக வைத்திருந்து கொடுத்தேன்" என்று முதல் நாளில் இருந்தே சொல்லிப் பழக்க வேண்டும்.

உங்களுக்கே இன்னொரு பிள்ளை வேண்டும் என்ற ஆசை இருந்தால், அதை முதலில் பெற்றுக்கொள்ளுங்கள். பிறருக்காகச் சுமக்கும்போது சிக்கல் வந்து கருப்பையை எடுக்க நேர்ந்தால், பிறகு வருந்திப் பயன் இல்லை.

மனம் மாறினால்?

கருவை வயிற்றில் வைக்கும் வரை, "வேண்டாம்" என்று சொல்லிச் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். வைத்த பிறகு, கருவைக் கலைக்கும்படி உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. பத்திரங்களில் இருப்பதை உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கியே கையெழுத்து வாங்க வேண்டும். புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

பிள்ளை கேட்கும் தோழிக்கும் ஒரு வார்த்தை. நாலு பேர் முன்னிலையில் கேட்காதீர்கள். பழைய உதவியைச் சொல்லிக் காட்டிக் கேட்காதீர்கள். தனியாகக் கேளுங்கள். யோசிக்கப் பல மாதம் கொடுங்கள். மறுத்தால் முகம் சுளிக்காதீர்கள். தத்து எடுத்துக் கொள்ளவும் சட்டப்படி வழி இருக்கிறது.

சுமக்க முடியாது என்று சொல்கிற பெண் கல்நெஞ்சக்காரி அல்ல. அவள் வீட்டிலும் ஒரு பிள்ளை அம்மாவை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறது. தோழியோடு ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போவதும், ஊர் வாய் அவளைச் சுடும்போது பக்கத்தில் நிற்பதும் உதவிதான்.

எல்லாம் தெரிந்த பிறகும், "நான் சுமக்கிறேன்" என்று ஒருத்தி மனதாரச் சொன்னால், அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம்!