விரலை எடுப்பதும் இசைதான்

சிங்கப்பூர் எஸ்பிளனேட் இசையரங்கிற்குச் சென்றிருக்கிறீர்களா? மேடைக்குப் பின்னால் சுவரை நிறைத்து நிற்கும் உலோகக் குழாய்கள் உங்கள் கண்ணில் பட்டிருக்கும். அதுதான் குழாய் ஆர்கன். ஜெர்மனியின் கிளைஸ் நிறுவனம் உருவாக்கிய அந்தக் கருவியில் 4,740 குழாய்கள் உள்ளன. கோலாலம்பூரில் உள்ள பெட்ரோனாஸ் பில்ஹார்மோனிக் அரங்கிலும் அதே நிறுவனத்தின் ஆர்கன் ஒன்று இருக்கிறது.

இவ்வளவு பெரிய கருவியை வீட்டில் வைத்துப் பழக முடியாது. தேவாலயத்திலோ இசையரங்கிலோ கிடைக்கும் சில மணி நேரத்தில்தான் பழக வேண்டும். மற்ற நேரங்களில் மாணவருக்குத் துணை பாடநூல்தான்.

அந்தப் பாடநூல்களில் ஒரு விந்தை உண்டு. கட்டையை அழுத்துவதைப் போலவே, அதிலிருந்து விரலை எப்போது எடுப்பது என்பதையும் அவை மிகக் கண்டிப்பாகச் சொல்லித் தருகின்றன. ஏன் இந்தக் கண்டிப்பு? விடை அறிவியலில் இருக்கிறது.

ஓங்கி அழுத்தினாலும் ஒரே ஒலி

பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினால், உள்ளே சிறு சுத்தியல் ஒன்று கம்பியைத் தட்டும். வேகமாகத் தட்டினால் ஒலி உரக்கக் கேட்கும். தட்டிய உடனேயே அந்த ஒலி தேயத் தொடங்கிவிடும்.

ஆர்கனின் கதை வேறு. கட்டையை அழுத்தினால் குழாயின் அடியில் ஒரு வால்வு திறக்கும். காற்று உள்ளே பாய்ந்து, குழாயில் உள்ள காற்றுத் தம்பம் அதிரும். காற்றின் அழுத்தம் எப்போதும் ஒரே அளவில் வைக்கப்பட்டிருப்பதால், கட்டையை ஓங்கி அழுத்தினாலும் ஒலியின் உரப்பு கூடாது. விரல் கட்டையில் இருக்கும்வரை ஒலி தேயாமல் நிற்கும். விரலை எடுத்தால் குழாய் ஓய்ந்துவிடும்.

ஹார்மோனியம் வாசிப்பவர்களுக்கு இது ஓரளவு புரியும். ஆனால் ஹார்மோனியத்தில் துருத்தியை இயக்கும் கை உரப்பைக் கூட்டிக் குறைக்கலாம். ஆர்கனில் அந்தக் கையும் இல்லை.

அப்படியானால் ஒரு சுரத்துக்கு எப்படி அழுத்தம் கொடுப்பது? அந்தச் சுரத்துக்கு முன்னால் மிகச் சிறிய அமைதி விட வேண்டும். அமைதிக்குப் பின் வரும் ஒலியை நம் காது எடுப்பாக உணரும். ஆகவே ஆர்கன் கலைஞர் உணர்ச்சியைக் காட்டுவது பெரும்பாலும் நேரத்தைக் கொண்டுதான். விரல் சற்றுத் தாமதமாக எழுந்தாலும் இரண்டு சுரங்கள் ஒட்டிக்கொள்ளும்.

விரல் மாற்றும் வித்தை

பியானோவில் வலப்புற மிதியை அழுத்தினால், விரலை எடுத்த பிறகும் ஒலி நீடிக்கும். ஆர்கனில் அத்தகைய மிதி கிடையாது. சுரங்களை இடைவெளியின்றி இணைக்க விரல்களே பாடுபட வேண்டும்.

இதற்காகப் பாடநூல்கள் ஒரு பயிற்சியைத் தருகின்றன. நடுவிரலால் ஒரு கட்டையை அழுத்திய பின், அதை மேலே எழவிடாமலே மோதிர விரலுக்கு மாற்ற வேண்டும். ஒலியில் எந்த மாற்றமும் கேட்காது. ஆனால் நடுவிரல் அடுத்த கட்டைக்குத் தயாராகிவிடும்.

கால்களுக்கும் வேலை உண்டு. கீழே உள்ள மிதிகட்டைகளை, பாதத்தின் முன்பகுதியாலும் குதிகாலாலும் வாசிக்க வேண்டும். கண்கள் தாளில் இருக்கும். குனிந்து பார்க்க முடியாது. கால் எங்கே இருக்கிறது என்பதைத் தசைகளும் மூட்டுகளும் மூளைக்குச் சொல்லும் உணர்வைத்தான் இந்தப் பயிற்சி வளர்க்கிறது.

நூலும் ஆசிரியரும்

யோகான் செபஸ்தியான் பாக் 18ஆம் நூற்றாண்டில் 'ஓர்கெல்பியூக்லைன்' என்ற தொகுப்பை எழுதினார். 'ஆர்கன் சிறுநூல்' என்பது அதன் பொருள். புதிதாகக் கற்பவர்கள் மிதிகட்டை வாசிப்பில் தேர்ச்சி பெறுவதும் அதன் நோக்கங்களில் ஒன்று என்று முகப்பிலேயே குறித்திருந்தார். 164 பாடல்களுக்கு இடம் ஒதுக்கியும் 46 படைப்புகளையே முடித்தார்.

1862இல் பெல்ஜியத்தின் லெமன்ஸ் ஒரு பாடநூலை வெளியிட்டார். அவருடைய மாணவர் விடோர். விடோரின் மாணவர் மார்செல் துப்ரே 1927இல் தம் பாடநூலை வெளியிட்டார். கவனியுங்கள்: நூல்கள் இருந்தும், அந்தக் கலை ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு நேரில்தான் வந்திருக்கிறது.

நூல் சொல்ல முடியாதது

ஏனென்றால், விரலை எடுத்த பிறகு நடப்பதை எந்த நூலாலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. கல்லால் கட்டிய பெரிய தேவாலயத்தில் எதிர்முழக்கம் பல வினாடிகள் நீடிக்கும். அங்கே சுரங்களுக்கு இடையே அதிக இடைவெளி விட வேண்டும். கம்பளம் விரித்த சிறிய அறையில் அதே இடைவெளி துண்டுதுண்டாகக் கேட்கும்.

தூரமும் ஒரு சிக்கல். ஒலி ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். குழாய்கள் 34 மீட்டர் தள்ளி இருந்தால், வாசிப்பவருக்கு ஒலி 0.1 வினாடி தாமதமாகவே வந்து சேரும். காதை நம்பி வாசித்தால் வேகம் குறைந்துகொண்டே போகும்.

பெரிய குழாய்களோ இன்னும் மெதுவானவை. ஏறத்தாழ 16 அடி நீளமுள்ள திறந்த குழாயின் அதிர்வெண் சுமார் 33 ஹெர்ட்ஸ். ஓர் அதிர்வுக்கே 0.03 வினாடி ஆகும். சில அதிர்வுகள் கூடினால்தான் ஒலி நிலைபெறும்.

ஆகவே, விதியை நூலில் கற்கலாம். அந்த விதியை இந்த அரங்கிற்கு ஏற்ப எவ்வளவு தளர்த்துவது என்பதை அரங்கில்தான் கற்க வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

வீட்டிலோ பள்ளியிலோ மின்னணுக் கீபோர்டு இருந்தால் அதில் ஆர்கன் ஒலியைத் தேர்ந்தெடுங்கள். ஒரே சுரத்தை நான்கு முறை வாசியுங்கள். முதலில் ஒவ்வொரு முறையும் நேரத்தின் பாதிவரை மட்டும் கட்டையைப் பிடித்திருங்கள். பிறகு முக்கால்வரை பிடித்துப் பாருங்கள். வாசித்தது அதே நான்கு சுரங்கள்தான். ஆனால் கேட்பதற்கு வேறாக இருக்கும். அந்த வேறுபாட்டை உண்டாக்கியது நீங்கள் விட்ட அமைதி.