சந்தவாசல் திருப்பத்தில் ஒரு கல் வேண்டும்

வேலூரிலிருந்து வருகிறவர்கள் சந்தவாசலில் திரும்பிப் படவேடு போவது பெரும்பாலும் ரேணுகாம்பாள் அம்மனைத் தரிசிக்கத்தான். ஆனால் படவேடு ஒரு காலத்தில் சம்புவராய மன்னர்களின் தலைநகராக இருந்தது. 14ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்துக் குமார கம்பணர் அவர்களை வென்ற பிறகே மதுரைமேல் படையெடுத்தார் என்ற வரலாறு அந்தத் திருப்பத்திலேயே ஒரு கல்லில் தெரிய வேண்டும். கோயில் கல்வெட்டுகள் போதாதா என்று கேட்கலாம். அந்தப் பழைய எழுத்தைப் படிக்கப் பயிற்சி வேண்டுமே! ராஜாக்களின் பெருமையை மட்டும் பேசும் கல் எதற்கு என்பது இன்னும் நியாயமான கேள்வி. அதற்குச் செங்கம் வட்டார நடுகற்களே பதில்: ஆயுதம் ஏந்திய உருவம், மேலே மன்னனின் ஆட்சியாண்டு, கூடவே மாடு மீட்டு மாண்ட சாதாரண வீரனின் பெயர். அதே முறையில் சந்தவாசல் கல்லில் சம்புவராயரோடு இந்த வட்டாரத்துப் பட்டுத்தறிக்காரர்களுக்கும் இடம் கொடுக்கலாம்.